வீட்டு எலியின் பல உருவங்கள்

ஒரே தோப்பில் பிடிபடும் எலிகளில் ஒன்று கருமையாகவும், மற்றொன்று பழுப்பு முதுகும் சாம்பல் வயிறும் கொண்டதாகவும், வேறொன்று வெண்மையான வயிறு உடையதாகவும் இருக்கக் கூடும். இவை வெவ்வேறு இனங்களோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. விலங்கியல் அறிஞர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினர். 1758-ல் லின்னேயஸ் கரிய எலிக்குப் பெயரிட்டார். 1803-ல் ஜெப்ராய், எகிப்து நாட்டுப் பழுப்பு எலிக்கு அலெக்சாந்திரியா எலி எனத் தனிப்பெயர் சூட்டினார். இவ்விரண்டும் தம்முள் தடையின்றி இனம் பெருக்குவதும், ஒரே ஈற்றில் வெவ்வேறு நிறக் குட்டிகள் பிறப்பதும் பின்னரே புலனாயின. இன்று இவை யாவும் ராட்டஸ் ராட்டஸ் என்னும் ஓரினத்தின் நிறவேறுபாடுகளாகவே கொள்ளப்படுகின்றன.

உடலளவும் இவ்வாறே மாறுபடும். எலி இனப்பெருக்கப் பருவம் எய்திய பின்னும் சிறிது சிறிதாக வளர்கிறது. எனவே இளம் எலியையும் முதிர்ந்த எலியையும் அருகருகே வைத்து நோக்குவோர், அவற்றை இரண்டு இனங்கள் என மயங்குதல் எளிது. கருவுற்ற பெண் எலியின் எடையும் தவறான முடிவுக்கு இடந்தரும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ராட்டஸ் ராட்டஸ் இனத்தின் உயிரணுவில் 38 குரோமோசோம்கள் உள்ளன. வடகிழக்கு இந்தியாவில் காணப்படும் ராட்டஸ் டானெசுமி இனத்திற்கோ 42. ஆயினும் புறத்தோற்றத்தால் இவ்விரண்டையும் பிரித்தறிதல் மிகக் கடினம்.

களப்பணியாளருக்கு இது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. வீட்டு எலி நன்கு ஏறும். கூரையிலும் தென்னையின் கொண்டையிலும் கூடு கட்டும். வரப்பு எலியோ மண்ணில் வளை தோண்டி வாழும். பழுப்பு நிறத்தைக் கண்டு வீட்டு எலியை வரப்பு எலி எனப் பதிவு செய்தால், வளைகளில் மருந்திட்டுப் பொருளும் உழைப்பும் வீணாகும்; மரத்தின் மேலுள்ள எலிகள் குறையா.

ஆதலின் நிறத்தை மட்டும் நம்பாது, உடலின் விகிதத்தை நோக்குதல் வேண்டும். வளர்ந்த வீட்டு எலியின் வால், தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிடப் பொதுவாக நீண்டிருக்கும். வரப்பு எலியின் வால் அதனினும் குறுகியது. தலை-உடல் நீளம், வால், நகம் நீங்கலான பின்பாதம், காது ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து, பால், எடை, கருவுற்ற நிலை, பிடித்த இடம், நாள் ஆகியவற்றுடன் குறித்தல் நன்று. முனை அறுந்த வாலின் அளவைத் தனியே சுட்டுதல் வேண்டும். ஓர் எலியைக் கொண்டு முடிவு கட்டாது, ஓரிடத்தின் பல எலிகளை ஒப்பிட வேண்டும். பள்ளி மாணவர் இவ்வளவுகளை வரைபடமாக வரைந்தால், ஓரினத்துள் வேறுபாடு எவ்வளவு பரந்தது என்பதைத் தாமே காண்பர்.