உரோமையின் வீடற்ற பூனைகள்

உரோமைக்குத் திருப்பயணம் சென்று மீள்வோர் பேராலயங்களைப் பற்றிப் பேசுவர். பூனைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நகரின் நடுவே தோர்ரே அர்ஜென்தீனா என்னும் சதுக்கத்தில், பண்டைய கோவில்கள் நான்கின் இடிபாடுகள் உள்ளன. சீசர் கொலையுண்டதும் அதன் அருகேதான். இன்று அக்கற்களின்மேல் பூனைகள் வெயில் காய்கின்றன.

வீட்டில் வளர்ந்து பின்பு தெருவுக்கு வந்த பூனை மனிதனை நாடி வரும். தெருவிலேயே பிறந்து, முதல் ஏழெட்டு வாரங்களில் மனிதக் கை படாது வளர்ந்ததோ மனிதனைக் கண்டால் அஞ்சி ஓடும். இதை நன்றிகெட்ட குணம் என்பது அறியாமை. இளங்குட்டிகளைப் பழக்கிவிடலாம், வளர்ந்ததை அன்பின் பெயரால் அறைக்குள் அடைப்பது கொடுமையேயாம். அதனை அதன் இடத்திலேயே வைத்துப் பேணுதல் வேண்டும்.

பேணுதல் சோறிடுவதோடு முடிவதன்று. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டே மாதங்கள். ஐந்தாறு மாதக் குட்டியும் சினைப்படக்கூடும். சோறு மட்டும் இடுவோர் பசித்த வாய்களையே பெருக்குகின்றனர். பிடித்து அப்புறப்படுத்தினாலோ, உணவுள்ள இடத்திற்கு வேறு பூனைகள் வந்துவிடும். இதனை உணர்ந்தே இத்தாலி 1991-ஆம் ஆண்டில் 281-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அதன்படி, தெருப்பூனைகளை வதைத்தல் ஆகாது. அரசு கால்நடை மருத்துவர் கருத்தடை செய்து, அவற்றைத் தம் கூட்டத்திடமே விடுதல் வேண்டும்.

இப்பணியில் மருத்துவருக்குத் துணை நிற்போர், 'கட்டாரே' எனப்படும் பெண்கள், பூனைக்காரிகள் என்னலாம். நாள்தோறும் ஒரே வேளையில் உணவு வைத்துப் பழக்குவர். பிடிக்கும் நாளில் அதனை நிறுத்திக் கூண்டுக்குள் வைப்பர். அகப்பட்ட கூண்டின்மேல் உடனே துணி போர்த்தினால் மருண்ட விலங்கு அடங்கும். மயக்கத்தில் இருக்கும்போதே செவி நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அதே பூனையை மறுமுறை பிடித்து வருத்தாமலிருக்க அஃது அடையாளம்.

நிற்க. 1991 முதல் 2000 வரை உரோமையில் ஏறத்தாழ 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 103 கூட்டங்களை ஆராய்ந்தபோது, பொதுவாக எண்ணிக்கை குறைந்திருந்தது. ஆயினும் நூற்றுக்கு 21 அளவில் புதியவை வந்து சேர்ந்திருந்தன. தாமாக வந்தவை சில. ஏனையவை வீட்டார் கொண்டுவந்து விட்டவை. அங்ஙனம் கைவிடுதல் இத்தாலியில் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம், இருந்தும் நடக்கிறது. தெருவில் பிழைக்கக் கல்லாத அவ்வுயிர்கள், வருவோர் போவோர் காலடியில் நின்று கத்துகின்றன. அவற்றுக்கு மட்டும் தெரு போதாது. வேறொரு வீடு தேடித் தருவதே முறை.