குளியலறைச் சன்னலை மாற்றுமுன்

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் குளியலறைச் சன்னல் என்பது பெரும்பாலும் ஒரு மர நிலையும் நான்கு இரும்புக் கம்பிகளுந்தான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்தக் கம்பிகளைத் தின்றுவிடும். உள்ளிருந்து தெறிக்கும் நீரோ நிலையின் அடிக்கட்டையை உளுக்கச் செய்துவிடும். ஆகவே குளியலறையைப் புதுப்பிக்கையில், சன்னலையும் எடுத்துவிடலாம் என்று கொத்தனார் கூறினால் அதில் தவறேதுமில்லை. அவ்விடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அழகையும் மறைவையும் கருதி, திறக்கவே இயலாத ஒற்றைக் கண்ணாடியைப் பதித்துவிடுவோர் உண்டு. அதே அறையில் எரிவாயுவால் இயங்கும் கீசரும் இருந்துவிட்டால்? காற்றுப் போதாமல் எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சைக் கக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். குளிப்பவருக்குத் தலை கனக்கும், கால் துவளும். தாழ்ப்பாளை எட்டுமுன்னரே நினைவு தப்பிவிடக்கூடும். நம் நாட்டில் இவ்வாறு உயிரிழந்தோர் பலர். காற்றை வெளியேற்றும் விசிறி போதாதா எனில், போதாது. புதுக்காற்று உள்ளே வர வழியில்லாதபோது அவ்விசிறி கீசரின் புகையையே அறைக்குள் இழுத்துவிடலாம். எரிவாயுக் கீசரை வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொணர்வதே முறை. மின்சாரக் கீசருக்கு இந்த அபாயம் இல்லை.

அப்படியானால் மறைவுக்கு என்ன வழி என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. அடுத்த வீட்டு மாடி நெருங்கி நிற்கும் தெருக்களில் இது சிறிய கவலையன்று. சன்னலின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து 6 அடிக்கு உயர்த்தலாம். வெளிப்புறம் நோக்கிக் கீழ்ச்சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளைப் பொருத்தினால் மாடியிலிருந்து வரும் பார்வை தடைபடும், மழைச்சாரலும் குறையும், காற்று மட்டும் நிற்காது. கண்ணாடி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் நனைந்தால் அது தெளிந்துவிடும். பூ வேலைப்பாடு அழுத்திய கண்ணாடியே மேல். பொருத்திய பின், இரவில் உள்விளக்கை எரியவிட்டு, வெளியே நின்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் சன்னலுக்கு மேலுள்ள மரப்பலகையே சுவரைத் தாங்கி நிற்பதுண்டு. முட்டுக் கொடுக்காமல் நிலையைப் பெயர்த்தால் செங்கல் சரியும். முதலில் சன்னல், பிறகு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதன் பின்னரே டைல்ஸ். இந்த வரிசை மாறலாகாது. அலுமினியச் சட்டமாயின் ஈரச் சிமெண்ட் அதை அரிக்கும். ஒட்டுநாடாவால் மூடிவைத்துப் பூசச் சொல்லுங்கள். வெளியடிக்கல் வெளிப்புறம் சரிந்திருக்கட்டும்.

பெயர்த்த நிலை தேக்காயின் விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். உளுத்த அடிக்கட்டையை அறுத்தெறிந்தால், எஞ்சியது ஒரு சிறிய அலமாரிக்கு ஆகும்.