‘டிராக் டே’: பந்தயத்தடத்தில் முதல் நாள், இளம் ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: நள்ளிரவில் வெறிச்சோடிய விரைவுச்சாலையில் காரின் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் இளைஞர்களில் பலர், அது தண்டனைக்குரிய செயல் என்பதை அறிந்தே அதில் ஈடுபடுகின்றனர். மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ பங்கேற்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்கீழ் 3 மாதங்கள் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் சிக்கினால் சிறைத் தண்டனை ஓராண்டு வரையிலும், அபராதம் ரூ.10,000 வரையிலும் உயரும். எதிரே லாரியும், குறுக்கே பாதசாரியும் வராத இடத்தில் அதே ஆர்வத்தைத் தீர்த்துக்கொள்ள இருக்கும் வழியே ‘டிராக் டே’.

பெயரைக் கேட்டு இதைப் பந்தயம் என்று கருதிவிடக் கூடாது. கட்டணம் செலுத்தி, சொந்த வாகனத்தைப் பந்தயத்தடத்தில் ஓட்டிப் பழகும் நாள் இது. அனுபவத்தின் அடிப்படையில் ஓட்டுநர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, பொதுவாக 15 முதல் 20 நிமிடங்கள் கொண்ட அமர்வுகளாகத் தடத்துக்குள் அனுப்பப்படுவர். பரிசு கிடையாது, முதலிடமும் கிடையாது. புதியவர்களின் குழுவில், நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் செல்பவர் கைகாட்டி வழிவிட்ட பிறகே முந்த அனுமதிப்பது வழக்கம். உண்மையான போட்டியில் இறங்க விரும்புவோர், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டும்.

நாட்டில் இதற்கான தடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத்தடம் 5.125 கி.மீ. நீளமும் 16 வளைவுகளும் கொண்டது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. தடமும், கோவையில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ளன. புத் தடத்தின் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் நேர்ப்பாதை புதியவரை மயக்கும். ஆனால், பழகுவதற்கு வளைவுகள் அடுத்தடுத்து வரும் சிறிய தடமே நல்லது.

இளைஞர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது காப்பீட்டை. வழக்கமான தனியார் கார் காப்பீட்டு ஒப்பந்தத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வாகனம் பயன்படுத்தப்பட்டால் காப்பீடு பொருந்தாது என்று அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். ‘நான் பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லையே’ என்ற வாதம் எடுபடும் என நம்பித் தடத்தில் இறங்குவது விவேகமல்ல. தடுப்புச்சுவரில் மோதினால் பழுதுபார்க்கும் செலவு முழுவதும் வாகன உரிமையாளரின் தலையில், அதாவது பெரும்பாலும் தந்தையின் தலையில், விழும். எனவே, அவருக்குத் தெரியாமல் காரை எடுத்துச் செல்ல வேண்டாம். ஏற்பாட்டாளர்கள் கையொப்பம் கேட்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் முழுமையாகப் படிக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் பெறும் வயதான 18-ஐ எட்டாதோர் கார்ட்டிங்கில் தொடங்கலாம். சிறுவர் பொதுச் சாலையில் காரோட்டிக் குற்றமிழைத்தால், 199ஏ பிரிவின்கீழ் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்க வழியுண்டு; அச்சிறுவருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

முதல் நாளுக்கு விலையுயர்ந்த கார் தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள சாதாரண ஹேட்ச்பேக் போதும். செலவிட வேண்டிய இடம் எஞ்சின் அல்ல, பிரேக். வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 4 வகைத் திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிதான். திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவானால், மிதியை அழுத்தினாலும் கார் நிற்காது. ஆகவே, தடத்துக்குச் செல்லும் முன் திரவத்தை மாற்றி, பிரேக் பட்டைகளின் தடிமனையும் சரிபார்க்க வேண்டும். தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில் போன்ற தளர்வான பொருள்கள் காருக்குள் இருக்கக் கூடாது. அவை மிதிக்கு அடியில் உருண்டு சென்றால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஓட்டும் முறையில் அடிப்படை எளியது: கார் நேராகச் செல்லும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவின் உட்புற விளிம்பைத் தொட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கியபடி படிப்படியாக வேகமெடுப்பது. பார்வை பானட்டின் மீதல்ல, அடுத்த வளைவின் மீது இருக்க வேண்டும். சக்கரங்கள் தடத்தைவிட்டு மண்ணில் இறங்கினால் பதற்றத்தில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது; வேகத்தைக் குறைத்த பிறகே நிதானமாகத் திரும்ப வேண்டும். காலையில் நடைபெறும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடக் கூடாது. மஞ்சள் கொடி அபாயத்தைக் குறிக்கும். அப்போது முந்தக் கூடாது. நீலம், பின்னால் வேகமான வாகனம் வருவதையும், சிவப்பு, அமர்வு நிறுத்தப்பட்டதையும் உணர்த்தும்.

அமர்வின் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கைக் குளிரவிட வேண்டும். நிறுத்திய பின் கைபிரேக்கை இழுக்காமல், சமதளத்தில் கியரில் விடுவது நல்லது. வீடு திரும்பும் முன் டயர்களின் காற்றழுத்தத்தையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓய்வும் தேவை. பகல் முழுவதும் தடத்தின் வேகத்துக்குப் பழகிய கண்களுக்கு, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகமும் ஊர்வதுபோலவே தோன்றும்.