நியாயப்பிரமாணமும் கிருபையும்: பந்தியில் எழுந்த கேள்வி

நியாயப்பிரமாணம், கிருபை என்ற ரெண்டு வார்த்தைகளும் ஞாயிறு பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும். வழக்கமான விளக்கம் இதுதான்: மோசே வழியாக வந்த கட்டளைகள் பாவத்தைக் காட்டும், ஆனால் நீக்காது. மீட்பு என்பது கடவுள் இலவசமாகத் தருவது. சரிதான். ஆனால் இது தனி மனிதனின் மனசாட்சியோடு முடிகிற விஷயமா?

கலாத்தியர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியா சபையில் யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவரும் நீதிமான் ஆவதில்லை என்று பவுல் எழுதுவது இந்தச் சம்பவத்தைச் சொன்ன கையோடுதான். அதாவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சண்டையில்தான் இந்தப் போதனை வருகிறது.

நம்ம ஊர்ப் பக்கத்திலும் அப்படித்தான் வந்தது. 1850-ல் சென்னையில் மிஷனரிகள் கூடி, சாதி பார்க்காமல் சேர்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதை ஏற்கவில்லை. அதன் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானாக உதிரும் என்பது அவர் வாதம். கிருபையால் கிடைப்பதற்கு நிபந்தனை போட்டால் அதுவே இன்னொரு நியாயப்பிரமாணம் ஆகிவிடாதா?

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. ஆனாலும் அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிரிந்து வந்து, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார். விழுப்புரம்–கடலூர் ரயில் பாதையில் இருக்கிற ஊர் அது. பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அங்கேதான் வேர். வடக்கே திண்டிவனத்தில் இருந்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் அப்பா அங்கே பணியாற்றியது இந்த மிஷனில்தான். சபைக்குள் சாதி கூடாது என்பதில் அவர்களும் உறுதியாக இருந்தார்கள்.

இதில் யார் பக்கம் கிருபை, யார் பக்கம் நியாயப்பிரமாணம்? மேலோட்டமாகப் பார்த்தால் நிபந்தனை போட்டவர்கள்தான் சட்டவாதிகள். அந்தியோகியாவை வைத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ். பேதுரு புதிதாக எந்தக் கட்டளையும் போடவில்லை, சும்மா எழுந்து தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதைத்தான் பவுல் நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவதாகப் பார்த்தார். நம்மிடம் ஆளை ஆளிடமிருந்து பிரித்து வைக்கிற பழைய பிரமாணம் சாதிதான். 'சேர்ந்து உட்கார்' என்பது கிருபைக்குப் போடுகிற விலை இல்லை. கிருபை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

கிரவுல் சொன்னபடி தானாக உதிர்ந்ததா? எறையூரைப் பாருங்கள். இது கத்தோலிக்கப் பங்கு, மேலே சொன்ன மிஷன்களோடு தொடர்பில்லாதது. ஆனால் கேள்வி அதேதான். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில், எங்கள் சவ ஊர்வலம் கோவிலுக்குப் போகிற பெரிய தெரு வழியாகப் போக முடியவில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள், தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-ம் தேதி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சென்னையில் அந்தத் தீர்மானம் போட்டு அப்போது 158 வருஷம் ஆகியிருந்தது.

கிருபை என்றால் சட்டமே வேண்டாம் என்பதல்ல. பவுலே தன் நிருபங்களில் 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று நிறைய எழுதுகிறார். ஒரு சபையின் வழக்கத்தையோ விதியையோ பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேட்டால் போதும்: கிருபை ஒரே பந்தியில் உட்கார வைத்தவர்களை இது எழுப்பி விடுகிறதா? ஆமாம் என்றால், எத்தனை தலைமுறையாக இருந்தாலும், அது பேதுரு எழுந்துபோன அதே இடம்தான்.