கழிப்பதா? காப்பதா?

போகி வந்தால் வீடுதோறும் எழும் கேள்வி இது. ஆடும் மேசையையும் பரணில் கிடக்கும் பெட்டியையும் கழிப்பதா, காப்பதா? பழையது என்பதற்காகவே எரிப்பதும் தவறு. நினைவுப் பொருள் என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்து, நடக்க இடமின்றி வாழ்வதும் தவறு. பொருளை அறிந்து முடிவு செய்வதே முறை என்பேன்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அரிப்பதில்லை. துளையில் முளை செருகிய மூட்டு தளர்ந்தால் தச்சர் கழற்றி இறுக்கிவிடுவார். நாற்காலியின் பிரம்பு அறுந்தால் புதிதாகப் பின்னலாம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையோ நீர் பட்டால் உப்பிவிடும். பிடிவிட்ட திருகாணி அதில் மீண்டும் நிற்பது அரிது. அதனைக் கழிப்பதே நன்று.

அடுத்து, தேவையைப் பார்க்க வேண்டும். பாட்டி மறைந்தபின் அவருடைய தேக்குக் கட்டில் எங்கள் கூடத்தை அடைத்துக் கிடந்தது. படுக்க ஆளில்லை, விற்க மனமில்லை. அதன் பலகையும் கால்களும் இன்று நானும் தம்பியும் படிக்கும் மேசையாக நிற்கின்றன.

நமக்குப் பயன்படாத நல்ல பொருளை வேண்டுவோர்க்குக் கொடுப்போம். சாயமும் பசையும் ஏறிய மரத்தை மட்டும் போகித் தீயில் இட வேண்டா. அதன் புகை நஞ்சு. பயன்படும் பொருளிலன்றோ நினைவும் வாழும்!