பாக்ஸ் இல்லாமல் கேபிள் சேனல் தெரியுமா?

“டி.வி.யிலேயே டிஜிட்டல் டியூனர் இருக்கிறதே, கேபிள் வயரை நேராகச் செருகினால் போதாதா?” புது டி.வி. வாங்கும் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

செட்டாப் பாக்ஸுக்கு முக்கியமாக இரண்டு வேலை. வயரில் வரும் டிஜிட்டல் சிக்னலைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுவது ஒன்று. பூட்டி அனுப்பப்படும் சேனலைத் திறப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பல டி.வி.களே செய்துவிடும். கேபிளுக்கான டிவிபி-சி டியூனர் அவற்றுக்குள் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவிதான் இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பாக்ஸில் இருக்கும் வயரைக் கழற்றி டி.வி.யின் ஆன்டெனா துளையில் செருகுங்கள். மெனுவில் ‘கேபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஆட்டோ டியூனிங் கொடுங்கள். சேனல் பெயர்கள் வரிசையாக வந்து விழக்கூடும். ஒன்றை அழுத்தினால் கறுப்புத் திரையும், சேனல் பூட்டப்பட்டுள்ளது என்ற அறிவிப்பும்தான் மிஞ்சும். டி.வி.யில் கோளாறு இல்லை. சிக்னலே பூட்டோடு வருகிறது.

இது சட்டப்படி நடப்பது. பழைய அனலாக் காலத்தில் ஒரு கேபிள்காரரிடம் எத்தனை இணைப்பு இருக்கிறது என்பது அவர் சொன்னால்தான் தெரியும். பலர் குறைத்தே சொன்னார்கள். இதைத் தடுக்க 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டது. டிஜிட்டலுக்கு மாறச் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012-இல் முதல் கெடு. 2017 மார்ச்சில் கடைசிக் கட்டக் கெடு. எந்தச் சேனலானாலும் குறியாக்கம் செய்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. இலவச சேனலும் பாக்ஸ் இல்லாமல் தெரியாததற்கு இதுவே காரணம்.

ஜெர்மனி போன்ற நாடுகளில் டி.வி.யின் பக்கவாட்டிலுள்ள துளையில் ஒரு சிறு மாட்யூலையும் கார்டையும் போட்டால் பூட்டு திறந்துவிடும். தனிப் பாக்ஸ் வேண்டாம், இரண்டாவது ரிமோட்டும் வேண்டாம். இந்தியாவிலும் டி.வி.களில் இதற்கான பொது இணைப்பு முனை வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் பரிந்துரைத்தது. வயதானவர்களுக்கு ஒரே ரிமோட் எவ்வளவு நிம்மதி என்பதை நினைத்தால், அது நடைமுறைக்கு வந்தே ஆக வேண்டும்.

பாக்ஸ் இல்லாமல் இப்போதே பார்க்க நேர்மையான வழி, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான சேனல்கள் பூட்டின்றி வருகின்றன. டி.வி.யின் பின்புறம் ‘சாட்டிலைட்’ என்று எழுதிய, திருகி மாட்டும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி வைத்த டிஷ்ஷின் வயரை அதில் நேரடியாக மாட்டலாம். ஆனால் கேபிளில் வரும் கட்டணச் சேனல்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே டி.வி. வாங்கும்போது “உள்ளேயே டியூனர் இருக்கிறது” என்று கடைக்காரர் சொன்னால், கேபிளுக்கா, சாட்டிலைட்டுக்கா என்று கேளுங்கள். கேபிளுக்கு என்றால், பாக்ஸ் செலவு மிச்சமாகும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.