மரையும் மாரியும்

ஈழத்துத் தமிழர் நாவில் இன்னமும் உயிரோடு உலவும் பழஞ்சொற்களுள் 'மரை' என்பதும் ஒன்று. தமிழகத்தார் அவ்விலங்கைக் கடமான் என்பர். தென்கோடி மலைநாட்டார் மிளா என்பர். வன்னியிலும் மன்னாரின் பெருநிலப் பரப்பிலுமோ 'மானும் மரையும்' என்று இணைத்துச் சொல்வதே வழக்கம். குறுந்தொகைப் பாட்டொன்றிலே, முற்றத்து நெல்லிக்கனியை மரைக்கூட்டம் வந்து உண்ணும் சிற்றூர் ஒன்று காட்டப்படுகிறது. அந்த மரை எவ்விலங்கு என்று ஆராய்ச்சியாளர் வழக்காடட்டும். நெல்லி உதிரும் காலத்தில் எங்கள் காட்டு மரை அம்மரத்தடியைத் தேடி வரும் என்பது எனக்குத் தெரியும், அது போதும்.

ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் வேடிக்கையானது. ஐரோப்பாவின் வடபுலக் குளிர்காடுகளில் வாழும் பெருங்கொம்பு விலங்கொன்றுக்கு அவர்கள் மொழியில் 'எல்க்' என்று பெயர். அமெரிக்காவிற் குடியேறியவர்கள் அங்கே கண்ட வேறொரு பெரிய மானுக்கு அப்பெயரை வைத்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் நம் மரைக்கு வைத்தார்கள். ஒரே பெயர் உலகின் இருபுறத்துக்கும் கப்பலேறிச் சென்று, ஒன்றையொன்று கண்டறியாத இரு விலங்குகளின்மேல் ஏறிக்கொண்டது! நுவரெலியாவை அடுத்த புல்வெளியொன்றுக்கு 'எல்க் பிளெயின்ஸ்' என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். 1848இல் அம்மலையூரிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற கனவான், பின்னாளில் நைல் நதி ஆராய்ச்சியாற் புகழ்பெற்றவர், மலைக்காட்டு மரைகளை வேட்டை நாய்களை ஏவித் துரத்தி, ஓடைநீரில் அவை திரும்பி நிற்கும்போது கத்தியோடு இறங்கிக் குத்திக் கொல்வதைப் பெரும் வீரமாக எழுதிவைத்தார். அவருடைய நூல்களில் நாய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. மரைகளோ எண்ணிக்கையாகவே வந்து போகின்றன.

அந்த ஆரவார வேட்டை பற்றியதன்று இக்கட்டுரை. அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணில் வில்லும் அம்பும் கொண்டு நடந்த வேட்டையைப் பற்றியும், அவ்வேட்டைக்கு மாரிமழை விதித்த கட்டுப்பாட்டைப் பற்றியுமே சொல்ல வந்தேன்.

மன்னார்த் தீவிலே மரை இல்லை என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். அங்கே பனையும் உடையும், அரபிக் கடலோடிகள் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரமும், தெருவெங்கும் திரியும் கழுதைகளுமே உண்டு. தாம்போதியைக் கடந்து, திருக்கேதீச்சரத்தையும் கட்டுக்கரைக் குளத்தையும் தாண்டி, முருங்கனுக்கும் மடுவுக்கும் அப்பாற் போனால் காடு தொடங்கும். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய காடு. தெற்கே சிலாவத்துறை வழியாகச் சென்றால் மோதரகம் ஆறும் அதற்கப்பால் வில்பத்துக் காடும் வரும். ஆண்டில் பெரும்பகுதி நிலம் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவக்காற்று திரண்டு வந்து, மார்கழி வரையில் ஓராண்டு மழையின் பெரும்பங்கை ஒருசேரக் கொட்டிவிடும். கோடையில் குளக்கரையே கதியென்று கிடந்த மரைகள் அப்போது காடெங்கும் பரந்துவிடுகின்றன. எங்கும் தண்ணீர், எங்கும் தளிர். ஓரிடத்தில் காத்திருந்து அதைக் காண்பது அரிது.

இந்தக் காட்டினூடே ஓடிக் கடலிற் கலப்பது அருவியாறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா என வழங்கும் இதுவே இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறு. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி மன்னனின் கைதியாய்ப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்த ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, தம் தோழன் ஒருவனோடு தப்பியோடி வந்த வழி இவ்வாற்றங்கரையே. மழைவந்தால் கூடாரமாய் விரித்துப் படுக்க இரண்டு தாளிப்பனை ஓலைகளும், முள் தைக்காதிருக்கக் காலணி தைத்துக்கொள்ள ஒரு மான்தோலும், நீண்ட தடியிற் பொருத்திய கோடரியும் அவர்கள் கைக்கொண்ட பொருள்களுட் சில. 1679ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் மாலை நான்கு மணியளவில் அவர்கள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். அங்கிருந்து மன்னாருக்கு அனுப்பப்பட்டார்கள்.

1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் வேடரைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். வில்வித்தையில் அவர்கள் மிகத் தேர்ந்தவர்கள் என்கிறார். வீடில்லை, ஊரில்லை, நீர்நிலைகளின் ஓரத்தில் மரத்தடியில் தங்குவர். சுற்றிலும் மரக்கிளைகளை வெட்டிப் பரப்பி வைப்பர். காட்டு விலங்கு நெருங்கினால் அக்கிளைகள் சரசரக்கும். அதுவே அவர்களுக்குக் காவல். தாம் காட்டினூடே தப்பியோடிய வேளையில் இத்தகைய இருப்பிடங்கள் பலவற்றைக் கண்டதாகவும், கடவுள் செயலால் அவற்றில் வேடர் எவரும் அப்போது இருக்கவில்லை என்றும் எழுதுகிறார். இரவில் இறைச்சியைக் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவை இலையில் வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்து கொடுத்தால் மீண்டும் இறைச்சி வரும், மறுத்தால் இருளிலிருந்து அம்பு வரும்! மரப்பொந்திலே தேனை ஊற்றி, அதில் இறைச்சியை இட்டு நிரப்பிக் களிமண்ணால் அடைத்து, பஞ்சகாலத்துக்கென வைத்திருப்பார்கள் என்ற செய்தியும் அவர் தந்ததே. இந்தத் தேனிறைச்சியின் சுவை எப்படியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இலையில் வெட்டிய அந்த அம்பின் வடிவமே நம் கவனத்துக்குரியது. வேட்டையம்பின் இரும்புத்தலை அகன்ற இலைபோன்றது. துப்பாக்கி ரவை எலும்பை நொறுக்கி அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்போ நரம்புகளை அறுத்துக் குருதியை வடியச் செய்தே உயிரைப் போக்கும். நன்றாய்ப் பட்ட அம்பாயினும், இருநூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட ஒரு கலைமரை பட்ட இடத்திலேயே விழுவது அரிது. அது பாய்ந்தோடும், வேடன் உடனே துரத்தமாட்டான். துரத்தினால் வலியும் அச்சமும் சேர்ந்து அதனைக் காத தூரம் கொண்டுபோய்விடும். அவன் அமர்ந்து பொறுத்திருப்பான். பிறகு இலையில் ஒரு துளி, புல்நுனியில் ஒரு பூச்சு, பாறையில் ஒரு சொட்டு என்று குருதித் தடத்தைப் படித்துக்கொண்டே நடப்பான். வில் வேட்டையில் எய்வது ஒரு கணம். தொடர்வது ஒரு நாள்.

மழை இங்கேதான் குறுக்கிடுகிறது. மழைக்காலம் வேடனுக்கு வரம்போலத் தோன்றும். கோடையில் அப்பளம்போல் நொறுங்கும் சருகு நனைந்து மெத்தையாகிவிடும், காலடி கேட்காது. மனித வாடை மண்ணோடு அமுங்கிவிடும். இலைகளில் விழும் மழையோசை மரையின் கூரிய காதையும் ஏமாற்றும். இருபது முப்பது அடி எட்டத்துக்குள் சென்றால்தான் பயன்படும் ஓர் ஆயுதத்துக்கு இதைவிட நல்ல காலம் ஏது? ஆனால் நார் முறுக்கிய நாண் நனைந்து தளரும். அம்பின் இறகு ஒட்டிப் படியும். இவற்றுக்கும் மேலாக, எய்த பின் வேடன் படிக்க வேண்டிய ஏட்டை மழை ஒரு நாழிகையிற் கழுவிவிடும். நெருங்கும் வழியைத் திறந்துவிட்டுத் தொடரும் வழியை அடைப்பது மாரி.

இந்த நுட்பத்தை எனக்கு விளக்கியவர் முருங்கனுக்குக் கிழக்கே சிறு குளமொன்றின் கீழ் வயல் செய்யும் பெரியவர் ஒருவர். எண்பதைக் கடந்தவர். வில்லைக் கையால் தொட்டவரல்லர். இளமையில் தந்தையாரின் வாய்வழி நிரப்பும் துவக்கோடு காடு ஏறியவர். சென்ற கார்த்திகையில் அவருடைய காவற்கொட்டிலில் ஓரிரவு தங்கினேன். காலபோகப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. யானைக்கும் பன்றிக்கும் தீ மூட்டிக் காவலிருக்கும் இரவு. ஆனால் மழையோ தீயை நிற்கவிடவில்லை. நள்ளிரவுக்குமேல் குளக்கட்டின் பக்கமாக வெண்கலத்தில் அடித்தாற்போல் ஒரு குரல் எழுந்தது. பின் நிலத்தைக் குளம்பால் ஓங்கி மிதிக்கும் ஓசை.

"மரை கத்துது. எங்கடை வாடை பிடிச்சிட்டுது" என்றார்.

"ஐயா, இப்படியான மழையிலே அந்தக் காலத்தில் வெடி வைப்பீர்களா?" என்று கேட்டேன்.

"அப்பர் விடமாட்டார், தம்பி. வெயிலுக்கை சுட்டால் மரை எங்கை போனாலும் இலையிலை துளி இருக்கும். மாரிக்கை சுட்டால் வானமே அதை அழிச்சுப்போடும். ஒருக்கால் அப்பருக்குத் தெரியாமல் சுட்டனான். பட்டது எண்டு தெரியும். மூண்டு நாள் தேடினன். நாலாம் நாள் காகம்தான் காட்டித் தந்தது."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே வழக்கு நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிந்தால் வியப்பர். 1911இல் கலிபோர்னியாவின் ஒரோவில் என்ற ஊரில், தன் இனத்தார் அனைவரும் அழிந்தபின் தனியனாய் எஞ்சிய யாஹி இனத்தவர் ஒருவர் காட்டிலிருந்து வெளிவந்தார். இஷி என்று அவரை அழைத்தார்கள். சக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் காசநோயால் இஷி இறந்தார். 1923இல் போப் எழுதிய நூல் அந்நாட்டிலே வில்வேட்டையை மீண்டும் தழைக்கச் செய்தது. இன்று மேற்கு அமெரிக்காவின் உயர்மலைகளில், அவர்களுடைய 'எல்க்' கனைத்துத் துணை தேடும் செப்டம்பர் மாதத்தில், வில்லேந்தியவர்கள் மூட்டையைச் சுமந்து மழையிலும் பனியிலும் நாட்கணக்காய் அலைகிறார்கள். வயிற்றுக்காக அன்று, பெரும்பாலும் விருப்பத்துக்காக. எனினும் மழையில் எய்யலாமா கூடாதா என்ற கேள்வி அங்கும் உண்டு. குருதித் தடம் அங்கும் கழுவப்படும்.

நம் நாட்டு வில்லாளர் கதை வேறுவிதமாக முடிந்தது. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாகியபோது தம்பானை வேடர் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடிய நிலம் அவர்களுக்கு மூடப்பட்டது. காட்டைக் காக்கப் பிறந்த சட்டம் முதலில் தடுத்தது வில்லேந்தியவரை. சட்டம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இல்லாதிருந்தால் வில்பத்தில் இன்று மரையே இராது. அக்காடு 1938இல் தேசியப் பூங்காவாயிற்று. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010இல் மீண்டும் திறந்தது. மடு வீதிக் காடும் 2015இல் அந்நிலை பெற்றது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் தெரிபவன் காட்டில் நடப்பவன். காட்டில் நடக்காமலே கொல்பவனை என்ன செய்வது?

கட்டுத்துவக்கைச் சொல்கிறேன். இரும்புக் குழாயொன்றில் மருந்தும் ரவையும் திணித்து, விலங்கு வரும் தடத்தருகே மரத்தில் கட்டி, குறுக்கே ஒரு நூலை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் வேட்டை இது. மழைக்கும் அஞ்சவேண்டியதில்லை; மருந்துக்கு மேல் ஒரு பொலித்தீன் துண்டு போதும். நூலைத் தட்டுவது பன்றியா, மரையா, யானைக்கன்றா, விறகுக்குப் போன ஏழைப் பெண்ணா என்று அதற்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே பட்டால் விலங்கு சாவதில்லை. நொண்டிக்கொண்டு போய்ப் புழுவைத்து நாட்கணக்கிற் சாகிறது. எய்தவன் ஒருவன் அங்கே இருந்தால் அல்லவோ தொடர்ந்து போவான்? கம்பிக் கண்ணியும் இவ்வகையே. வேடனுக்கு மாரி விதித்த தடை, வேடனே இல்லாத இந்த வேட்டைக்குச் செல்லாது.

அவ்விரவு விடியும் தறுவாயில் மழை சற்று ஓய்ந்தது. குளக்கட்டின் சரிவில் சேறு புதிதாய் இருந்தது. இரவு கத்திய மரை இறங்கிப் போன சுவடு தெளிவாய்ப் பதிந்திருந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். பின் முட்டுக்காலிட்டுத் தம் உள்ளங்கையை ஒவ்வொரு பதிவின்மேலும் வைத்து அளந்தார். இடது முன்னங்கால் எங்கும் பதியவில்லை. மூன்று காலின் சுவடுகள். அவற்றுக்கிடையே மெல்லிய கோடொன்று, எதையோ இழுத்துப் போனதுபோல.

"கட்டுத்துவக்கு" என்றார். "புதிசு இல்லை. நாலைஞ்சு நாள் இருக்கும்."

சுவடு வான்கால் வரை போயிற்று. அங்கே நீர் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. வானம் மறுபடியும் கறுத்து வந்தது. பெரியவர் சால்வையைத் தலையிற் சுற்றிக்கொண்டு, காட்டின் விளிம்பில் ஐயனாருக்கென நின்ற பாலையடிக்குப் போய் ஒரு குழையை முறித்து வைத்தார். காட்டுக்குட் புகுவோர் செய்யும் வழக்கம் அது. கையில் ஒரு கத்தியைத் தவிர வேறொன்றுமில்லை.

"ஐயா, யாரோ சுட்ட மரை" என்றேன்.

"ஓம், தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் வான்காலைக் கடந்தார். மழை தொடங்கிவிட்டது. நானும் பின்னாலே இறங்கினேன்.